வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று வருகிறதா? எந்த வால்யூம் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

கேள்வி இதுதான்: டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் பாட்டு ஓடும்போது ஒலி சுத்தமாக இருக்கிறது, வால்யூமைக் கூட்டினாலோ குறைத்தாலோ அந்த நேரம் மட்டும் கரகரவென்று ஒரு இரைச்சல், கையை எடுத்ததும் நின்றுவிடுகிறது. டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டாயிற்று, விண்டோஸ் அப்டேட்டும் முடித்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து என்ன செய்வது, விண்டோஸையே புதிதாக ஏற்றிவிடலாமா?

வேண்டாம், இப்போதைக்கு விண்டோஸைத் தொடாதீர்கள். கையை எடுத்ததும் நிற்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பாட்டு ஓடும்போது எல்லாம் சரியாக இருந்தால் ஸ்பீக்கர் கோனும் நன்றாக இருக்கிறது, சவுண்ட் சிப்பும் வேலை செய்கிறது, டிரைவரும் பெரும்பாலும் சரிதான். கோளாறு வால்யூமை மாற்றும் அந்த ஒரு இடத்தில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அப்படிப்பட்ட இடம் ஒன்றல்ல. பாட்டு ஓட்டும் பிளேயரில் ஒரு வால்யூம், டாஸ்க்பாரில் கம்ப்யூட்டரின் பொது வால்யூம், ஸ்பீக்கர் பெட்டியில் திருகும் குமிழ், ஹெட்ஃபோனாக இருந்தால் வயரின் நடுவே ஒரு சின்னச் சக்கரம் என்று ஒரே ஒலி மூன்று நான்கு வால்யூம்களைத் தாண்டித்தான் காதுக்கு வருகிறது. "வால்யூமை மாற்றினேன்" என்று பொதுவாகச் சொன்னால் இதில் எது என்று யாருக்கும் தெரியாது, ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

அதனால் ஒரு சோதனை. பாட்டு வேண்டாம், பாட்டின் நடுவே சின்னச் சின்ன இரைச்சல் ஒளிந்துகொள்ளும். யூடியூபில் 100 அல்லது 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் என்று தேடினால் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஊம்ம்ம் என்று ஒரே மாதிரி ஒலிக்கும் ஒன்று கிடைக்கும், அதை மெல்லிய அளவில் ஓடவிடுங்கள். முதலில் பிளேயரின் ஸ்லைடரை மட்டும் மெதுவாக நகர்த்துங்கள். பிறகு டாஸ்க்பார் வால்யூமை மட்டும். கடைசியாக ஸ்பீக்கர் குமிழை மட்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொட வேண்டும். அப்புறம் டோனை நிறுத்திவிட்டு, எதுவுமே ஓடாத அமைதியில் இதே மூன்றையும் இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு நிமிட வேலை, இதைச் செய்யாமல் வேறு எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

குமிழைத் திருப்பினால்தான் வருகிறது, கம்ப்யூட்டரில் ஸ்லைடரை நகர்த்தினால் வரவில்லை என்றால் அது கம்ப்யூட்டர் பிரச்சினையே இல்லை. சந்தேகம் இருந்தால் ஸ்பீக்கர் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி ஒரு மொபைல் போனிலோ வேறு எதிலோ செருகிப் பாருங்கள், அங்கேயும் அதே கரகரப்பு வரும். எத்தனை டிரைவர் மாற்றினாலும் இது போகாது, ஏனென்றால் டிரைவருக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

அந்தக் குமிழுக்குப் பின்னால் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், ரிப்பேர் செய்பவர்கள் பாட் என்றோ வால்யூம் கன்ட்ரோல் என்றோ சொல்வார்கள். உள்ளே லாட வடிவத்தில் ஒரு கார்பன் தடம் இருக்கும், அதன் மேல் உலோக விரல் மாதிரி ஒன்று உரசிக்கொண்டே நகரும். தடத்தின் எந்த இடத்தில் அந்த விரல் நிற்கிறதோ அதைப் பொறுத்து ஒலி கூடும், குறையும். நாள்படத் தூசி படிகிறது, உலோகத்தில் ஆக்சைடு பிடிக்கிறது, உள்ளே போட்ட கிரீஸ் இறுகிவிடுகிறது. விரல் நகரும்போது கணநேரம் தொடர்பு விட்டுவிட்டுச் சேர்கிறது, ஒவ்வொரு முறை விடும்போதும் ஒரு பட். அப்படி வரிசையாக வருவதுதான் கரகரவென்று கேட்கிறது. ஒரே இடத்தில் நின்றுவிட்டால் தொடர்பும் நிலையாகிவிடும், சத்தமும் நின்றுவிடும். சில பேருக்கு ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வலது பக்கமோ இடது பக்கமோ காணாமல் போகும். ஸ்டீரியோ வால்யூம் கன்ட்ரோலில் இரண்டு தடங்கள் ஒரே அச்சில் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்று மட்டும் கெட்டுப்போகலாம்.

செலவில்லாத வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். ஸ்பீக்கரின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபது முப்பது தடவை முழுசாகத் திருப்புங்கள். மேலாக இருக்கும் ஆக்சைடு உரசியே போய்விடும். எப்போதும் ஒரே இடத்தில் வைத்தே பழகிய குமிழில் இது நன்றாகப் பலிக்கும். ஆனால் அழுக்கு உள்ளேயேதான் இருக்கிறது, சில வாரங்களில் திரும்ப வரலாம். திருப்பும்போது ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு செய்யாதீர்கள், ஆம்பிளிஃபயரை ஆன் செய்து வைத்துக்கொண்டும் செய்யாதீர்கள். அந்தப் பட் பட் சத்தங்களில் சில திடீரென்று மிகப் பெரிதாக வரும், காதுக்கும் நல்லதில்லை, கீச்சு ஒலிகளை எழுப்பும் சின்ன ஸ்பீக்கரான டிவீட்டருக்கும் நல்லதில்லை.

நிரந்தரமாகச் சரிசெய்ய கான்டாக்ட் கிளீனர், அதாவது மின் தொடர்புப் பகுதிகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே வேண்டும். வால்யூம் கன்ட்ரோலின் உடலில் மூன்று கால்கள் வெளியே வரும் பக்கத்தில், ஸ்டீரியோவாக இருந்தால் ஆறு கால்கள், ஒரு சின்ன இடைவெளி தெரியும். கிளீனரோடு வரும் மெல்லிய குழாயை அங்கே வைத்து ஒரு சொட்டு அளவு அடித்தால் போதும், குளிப்பாட்ட வேண்டாம். உடனே முழுச் சுற்றாகப் பலமுறை திருப்பி, திரவம் முழுக்க ஆவியாகும் வரை காத்திருந்து, அதன்பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். குமிழின் முன்பக்கத் தண்டு வழியாக அடித்தால் உள்ளே போகாது, தண்டின் கிரீஸைக் கரைத்துவிட்டு வெளியேதான் நிற்கும். குமிழ் லொடலொடவென்று ஆகிவிடும், கரகரப்பு அப்படியே இருக்கும்.

எதை அடிப்பது என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். கதவுக் கீலுக்கும் துருவுக்கும் அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 இதற்கு வேண்டாம். அடித்த அன்று அற்புதமாக இருக்கும், ஆனால் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் தூசியை இன்னும் இழுத்து ஒட்டவைக்கும். அதே கம்பெனி கான்டாக்ட் கிளீனர் என்று தனியாக ஒன்று விற்கிறது, அது வேறு, அதை அடிக்கலாம். டீஆக்ஸிட் மாதிரி இதற்கென்றே செய்தவை இன்னும் நல்லது. எதுவும் கிடைக்கவில்லை என்றால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அழுக்கை எடுக்கும், கூடவே உள்ளே இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும் என்பதால் அதை இரண்டாம்பட்சமாகத்தான் சொல்வேன். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

ஸ்பீக்கர் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் மனதில் வையுங்கள். சுவர் பிளக்கில் நேரடியாக வயர் போகும் ஸ்பீக்கர் என்றால் மின்மாற்றும் பகுதி உள்ளேயே இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே இருக்கும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் சரி. வெளியே தனி அடாப்டர் வைத்தோ யுஎஸ்பியிலிருந்தோ ஓடும் சின்ன ஸ்பீக்கர்களில் இந்த ஆபத்து இல்லை.

சுத்தம் செய்தும் கரகரப்பு போகவில்லை, அல்லது புது வால்யூம் கன்ட்ரோலே போட்டும் இரைகிறது என்றால் அழுக்கைத் தாண்டி ஒன்று இருக்கிறது. பாட் வழியாக ஒலி மட்டும்தான், அதாவது முன்னும் பின்னும் அலையும் மின்சாரம் மட்டும்தான் போக வேண்டும். ஒரே திசை மின்னழுத்தம் (டிசி) அங்கே வராமல் தடுப்பதற்காக முன்னால் ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அது வயதாகிக் கசிய ஆரம்பித்தால் டிசி உள்ளே வந்துவிடும், அப்புறம் எவ்வளவு சுத்தமான தடமாக இருந்தாலும் விரல் நகரும்போது இரையத்தான் செய்யும். இதற்கு அடையாளம், எந்த ஒலியும் ஓடாத அமைதியிலும் குமிழைத் திருப்பினால் பலமாகக் கரகரக்கும். வெறும் அழுக்கு மட்டும் இருக்கும் வால்யூம் கன்ட்ரோலில், பாட்டு ஓடும்போது கரகரப்பு தெரியும், அமைதியில் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. மேலே சோதனையை அமைதியிலும் ஒருமுறை செய்யச் சொன்னது இதற்காகத்தான். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் எதையும் ஓட்டாமல் வால்யூம் கன்ட்ரோலின் கால்களுக்கிடையே டிசி அளந்து பார்க்கலாம், ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். கணிசமாக ஏதாவது காட்டினால் மாற்ற வேண்டியது கெப்பாசிட்டரை, வால்யூம் கன்ட்ரோலை அல்ல.

நிறுத்தமே இல்லாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் குமிழ் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது பாட் இல்லை, என்கோடர். ஒரு படி கூட்டு, ஒரு படி குறை என்று தகவல் மட்டும்தான் அனுப்பும், ஒலி அதன் வழியாகப் போவதே இல்லை. அதில் அழுக்கு சேர்ந்தால் கரகரக்காது, கூட்டும்போது குறையும், அல்லது தாறுமாறாகக் குதிக்கும். கீபோர்டில் இருக்கும் வால்யூம் சக்கரமும் இதே வகைதான், அதைச் சுத்தம் செய்து கரகரப்பைப் போக்க முடியாது.

இன்னொன்று, சின்ன விஷயம்தான் ஆனால் அடிக்கடி நடப்பது. குமிழைத் திருப்பும்போது கை பட்டு ஸ்பீக்கரே லேசாக அசைகிறது, பின்னால் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் பின் தளர்ந்திருந்தால் அதுதான் கரகரக்கும், பழி குமிழ் மேல் விழும். குமிழைத் தொடாமல் வயரை மட்டும் ஆட்டிப் பாருங்கள். கேபினெட்டின் முன்பக்க ஜாக்கில் செருகியிருந்தால் பின்பக்கம் மதர்போர்டில் நேரடியாக இருக்கும் பச்சை ஜாக்குக்கு மாற்றுங்கள், முன் ஜாக்குக்கு வரும் வயர் கேபினெட்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டையும் விசிறியையும் தாண்டித்தான் வருகிறது, இரைச்சலைப் பிடித்துக்கொள்ள அதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

சரி, குமிழில் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரின் ஸ்லைடரை நகர்த்தினால்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே பிளேயர் ஸ்லைடருக்கும் டாஸ்க்பார் ஸ்லைடருக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். பிளேயரின் வால்யூம் பெரும்பாலும் வெறும் கணக்கு, ஒலியின் ஒவ்வொரு எண்ணையும் ஒரு அளவால் பெருக்குகிறது, அவ்வளவுதான். டாஸ்க்பாரில் இருக்கும் பொது வால்யூம் பல மதர்போர்டுகளில் சவுண்ட் சிப்புக்குள்ளேயே இருக்கும் ஒலிக் கட்டுப்பாட்டை நேரடியாக மாற்றுகிறது. அதனால் பிளேயரில் மாற்றினால் சுத்தம், டாஸ்க்பாரில் மாற்றினால் டிக் டிக் டிக் என்று வருகிறது என்றால் சிப்போ அதை இயக்கும் டிரைவரோ படிகளைச் சரியாகக் கடக்கவில்லை என்று அர்த்தம்.

ஏன் டிக் என்று வருகிறது? ஒலி பொதுவாக நொடிக்கு 48,000 எண்களாகப் போய்க்கொண்டிருக்கிறது. அலை உச்சியில் இருக்கும் நேரம் பார்த்து வால்யூமை ஒரே எட்டில் மாற்றினால் இந்த எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு பள்ளம் விழுகிறது, காதுக்கு அது டிக். ஸ்லைடரை இழுக்கும்போது இப்படி வரிசையாகப் பல படிகள் தாண்டுவதால், பேன்ட் ஜிப்பை இழுக்கிற மாதிரி ஜிர்ர் என்று கேட்கும், ஒலித்துறையில் இதற்குப் பெயரே ஜிப்பர் நாய்ஸ். நன்றாக எழுதிய மென்பொருள் பழைய அளவிலிருந்து புது அளவுக்குச் சில மில்லிவிநாடிகளில் சரிவாக இறங்கும். நல்ல சிப் அலை பூஜ்யத்தைக் கடக்கும்வரை காத்திருந்து மாற்றும். இரண்டும் செய்யாத இடத்தில் இரைச்சல் வரும். ஊம்ம் என்று ஒலிக்கும் டோனில் மிக லேசாகத்தான் கேட்கிறது, பாட்டில் தெரியவே இல்லை என்றால் அதை விட்டுவிடலாம், உங்கள் கருவியில் கோளாறு இல்லை.

பாட்டிலேயே தெளிவாகக் கேட்கிறது என்றால் விண்டோஸில் முதலில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஸ்பீக்கரின் பெயரை அழுத்தினால் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். லவுட்னஸ் ஈக்வலைசேஷன், பாஸ் பூஸ்ட், மதர்போர்டு கம்பெனி தரும் சரவுண்ட் மென்பொருள் எல்லாம் வால்யூம் மாறும்போது தங்கள் கணக்கைத் திரும்பப் போடுகின்றன, அந்த இடைவெளியில் இரைச்சல் வரலாம். அது பலிக்கவில்லையா, டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் சிப் கம்பெனியின் ரியல்டெக் டிரைவருக்குப் பதிலாக விண்டோஸோடு வரும் ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் என்ற பொது டிரைவரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக் என்று போனால் பட்டியலில் இருக்கும். டிரைவரை நீக்கிவிட்டு அதையே திரும்பப் போடுவதில் பலன் இல்லை, வேறு டிரைவரைப் போட்டால்தான் ஏதாவது தெரியும்.

ஸ்லைடரை விட்டதும் ஒரே ஒரு டப், அதுவும் எதுவும் ஓடாத நேரத்தில் மட்டும் என்றால் காரணம் வேறு. மவுஸால் ஸ்லைடரை இழுத்து விட்டதும் விண்டோஸ் ஒரு டிங் ஒலி எழுப்பும். கொஞ்ச நேரம் ஒலி இல்லாவிட்டால் மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காக சவுண்ட் சிப் தூங்கப் போய்விடும், இந்த டிங்குக்காக அது விழித்தெழும் சத்தம்தான் அந்த டப். கண்ட்ரோல் பேனலின் சவுண்ட் பகுதியில் சவுண்ட்ஸ் டேபில் நோ சவுண்ட்ஸ் என்று வைத்தால் டிங்கும் போகும், டப்பும் போகும். ஆனால் பாட்டு ஆரம்பிக்கும்போதும் அதே டப் வருகிறது என்றால் தூங்குவதையே நிறுத்த வேண்டும். லினக்ஸில் இன்டெல் ஆடியோ டிரைவருக்கு பவர் சேவ் மதிப்பை 0 என்று கொடுத்தால் போதும்.

கீபோர்டில் வால்யூம் பட்டனை அழுத்தும்போது மட்டும் சடசடவென்று வருகிறது, ஸ்லைடரில் வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். அப்போது திரையில் வரும் வால்யூம் பட்டையைப் பாருங்கள். அதை வரைய கிராஃபிக்ஸ் டிரைவர் வேலை செய்கிறது. விண்டோஸ் பொதுவாக 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒலியைப் பொட்டலமாகச் சிப்புக்கு அனுப்புகிறது, அந்த நேரத்தில் ஏதாவது ஒரு டிரைவர் பிராசசரைப் பிடித்து வைத்துக்கொண்டால் அடுத்த பொட்டலம் தாமதமாகும், ஒலி அறுபடும். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு வால்யூம் பட்டனைத் தொடர்ந்து அழுத்திப் பாருங்கள், எந்த டிரைவர் நேரத்தை எடுக்கிறது என்று பெயரோடு காட்டும். கிராஃபிக்ஸ் டிரைவரும் வைஃபை டிரைவரும்தான் அடிக்கடி மாட்டுபவை. அவற்றைப் புதுப்பிக்க வேண்டும், ஆடியோ டிரைவரை மாற்றிப் புண்ணியமில்லை.

லினக்ஸில் ஒலியை நிர்வகிக்கும் மென்பொருளாக பல்ஸ்ஆடியோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பல்ஸ்ஆடியோ ஒலியை நிறைய முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடும். நீங்கள் வால்யூமை மாற்றியதும் அது உடனே கேட்க வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே நிரப்பியதைப் பின்னால் போய்த் திருத்தி எழுதும். சிப் எந்த இடத்தை வாசித்துக்கொண்டிருக்கிறது என்று டிரைவர் துல்லியமாகச் சொல்லாவிட்டால் திருத்துகிற இடமும் வாசிக்கிற இடமும் மோதிக்கொள்ளும், மாற்றும்போது மட்டும் இரைச்சல் வரும். இதே வேலையைச் செய்யும் புதிய மென்பொருளான பைப்வயர் இப்படிப் பின்னால் போய் எழுதுவதில்லை, அதற்கு மாறிவிட்டால் இது தானாகவே போய்விடும். பைப்வயரிலும் டிக் டிக் இருந்தால் அதை நிர்வகிக்கும் ஒயர்பிளம்பரின் அமைப்பில் சாஃப்ட் மிக்சரை ட்ரூ என்று வைத்து, ஆல்சாமிக்சரில் சிப்பின் அளவை ஒரே இடத்தில் நிறுத்திவிடுங்கள். அப்புறம் வால்யூம் முழுக்க மென்பொருள் கணக்காகிவிடும், சிப் தன் படிகளை மாற்ற வேண்டியதே இல்லை.

கூட்டக் கூட்ட இரைகிறது, ஆனால் கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை என்றால் நாம் பேசுவது வேறு விஷயம். அது கிளிப்பிங், அதாவது ஒலி அளவு எல்லையைத் தாண்டி அலையின் தலை வெட்டுப்படுகிறது. ஈக்வலைசரில் ஏற்றி வைத்ததைக் குறையுங்கள், லினக்ஸில் 100 சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தால் கீழே கொண்டுவாருங்கள்.

குமிழ்தான் காரணம், ஆனால் இப்போதைக்குத் திறக்க முடியாது என்றால் குமிழை நடுவாக்கில் சுத்தமாகக் கேட்கும் ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். மிகக் கீழே வைக்காதீர்கள், அங்கே இரண்டு தடங்களும் ஒத்துப்போகாமல் ஒரு பக்கம் சத்தம் கம்மியாக இருக்கும். நேர்மாறாக, சவுண்ட் சிப்தான் காரணம், எந்த டிரைவரும் உதவவில்லை என்றால் கம்ப்யூட்டரின் வால்யூமை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டுக் குமிழில் மாற்றுங்கள். அது தொல்லையாக இருந்தால் ஒரு சின்ன யுஎஸ்பி டிஏசி, அதாவது வெளியே செருகும் தனி சவுண்ட் கார்டு மாதிரி ஒன்று, வாங்கிச் செருகலாம், மதர்போர்டின் சிப் பாதையிலேயே இருக்காது. ஆனால் வாங்குவதற்கு முன் மேலே சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் கோளாறு ஸ்பீக்கர் குமிழில் இருந்தால் எவ்வளவு நல்ல டிஏசி வந்தாலும் அதே குமிழைத் தாண்டித்தான் ஒலி வர வேண்டும்.